நெபுலைசர் கப்பில் உள்பாகம் இல்லாமல் அனுப்பியது குறித்துப் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மா,

வணக்கம். மருந்தைப் புகைபோல் நுண்துளியாக்கி மூச்சில் இழுக்கவைக்கும் உங்கள் கம்ப்ரஸர் நெபுலைசரை எங்கள் அப்பாவுக்கு வாங்கினோம். அதற்கு வாரண்டியில் புது மருந்து கப் அனுப்பினீர்கள். கப்பின் நடுவில் நிற்கும் ஊசித்துளைக் குழாய்மேல் குல்லா மாதிரி உட்காரும் சின்னப் பிளாஸ்டிக் துண்டு அதில் இல்லை. புகார் இவ்வளவுதான். இதைப் புரியவைக்கத்தான் கோயமுத்தூருக்கும் ஈரோட்டுக்கும் அலையவிட்டீர்கள்.

நீங்களே செய்த பொருள், அந்தத் துண்டு எதற்கென்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் போனை எடுக்கும் ஒருவருக்கும் தெரியவில்லை, அதனால் எழுதுகிறேன். துளை வழியே காற்று வேகமாகப் பாயும்போது, குழாய்க்கும் குல்லாவுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் மருந்து மேலே இழுபட்டு, தடுப்பில் மோதி நுண்துளியாக உடைகிறது. 5 மைக்ரானுக்குள் இருக்கும் துளிதான் நுரையீரலின் சிறு குழாய்களுக்குப் போகும், பெரிய துளி வாயிலும் தொண்டையிலும் தங்கிவிடும். குல்லா இல்லாவிட்டால் கப்பில் மருந்து கொப்பளிக்கும், புகை வராது. மூச்சுக்குழாயை விரிக்கும் டியோலின் 2.5 மி.லி., வீக்கம் குறைக்கும் புடெகார்ட் 2 மி.லி., இரண்டும் சேர்த்து 4.5 மி.லி. ஊற்றினால் பத்து நிமிடத்துக்கு முன்பின்னாக முடிந்து கப் படபடக்க வேண்டும். இதில் இருபது நிமிடம் ஓடியும் மருந்து கப்பிலுள்ள 4 மி.லி. கோட்டுக்குக் கீழே இறங்கவில்லை.

உங்கள் ஏஜென்ட் ஒருவர், "காத்து வருதில்ல? அப்ப மெஷின் ஓகே. மூச்சு விட முடியலைன்னா டாக்டரைப் பாருங்க, எங்க உயிரை வாங்காதீங்க" என்று சொல்லிப் போனை வைத்தார். சிஓபிடி என்னும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளி வீட்டில் பேசுகிற பேச்சா இது? அழைப்புப் பதிவு உங்களிடம் இருக்கும், போட்டுக் கேளுங்கள். காற்று வருகிறது என்று நானும்தான் சொன்னேன். வேறு கம்பெனி கப்பை அதே டியூபில் மாட்டினால் நன்றாகப் புகை வருகிறது. அப்படியானால் கம்ப்ரஸரிலும் டியூபிலும் ஃபில்டரிலும் குறையில்லை, குறை கப்பில்தான் என்று ஆகிறதல்லவா?

இன்னொருவர் சலைன் கூட ஊற்றச் சொன்னார். ஊற்றினால் நேரம்தான் கூடும், குல்லா முளைக்காது. நுண்துளைத் தகடு வழியே மருந்தைத் துளியாக்கும் மெஷ் மாடல் வாங்கிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். புடெகார்ட்டில் இருக்கும் புடெசோனைடு கரைசல் அல்ல, துகள் மிதக்கும் மருந்து, மெஷ்ஷின் நுண்துளையை அடைத்துவிடக்கூடும். விற்கிறவருக்கு இது தெரிய வேண்டாமா?

மனம் ஆறாதது கோயமுத்தூர் சர்வீஸ் சென்டர் போன நாள். சோமனூரிலிருந்து பஸ் ஏறி, மெஷினைத் தூக்கிக்கொண்டு காந்திபுரம் இறங்கிப் போனால், கப்பைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "ஈரோடு டீலர் பில்லுங்க, அங்கதான் போகோணும்" என்றார்கள். ஈரோட்டில், கப் தனியாக வராது, முழு கிட் வாங்குங்கள் என்றார்கள். வாரண்டி பொருளுக்கு எதற்குக் காசு? வீணான ரெஸ்பியூல்களும் (ஒரு வேளை மருந்துக் குப்பிகள்) பஸ் செலவும் போகட்டும், இந்தக் கப்பால் எங்கள் வீட்டில் தூக்கமே போய்விட்டது. பஞ்சாலைத் தூசியில் காலமெல்லாம் உழைத்துக் கெட்ட நெஞ்சு அது, ஒரு வேளை மருந்து தப்பினாலும் தாங்காது.

மவுத்பீஸும் வரவில்லை, மாஸ்க் மட்டும்தான் இருந்தது. டியோலினில் இருக்கும் இப்ராட்ரோபியம் மாஸ்க் இடுக்கால் கசிந்து கண்ணில் பட்டால், கண் அழுத்த நோய் உள்ளவருக்கு ஆபத்து. அப்பாவுக்கு அந்த நோய் இருக்கிறது, அதையும் போனில் சொன்னேன்.

தயவுசெய்து அந்த மாடலுக்குரிய குல்லாவோடு முழுக் கப், மவுத்பீஸ் இரண்டையும் இலவசமாக வீட்டுக்கே அனுப்புங்கள். அனுப்புமுன் ஒருவர் கப்பைத் திருகித் திறந்து உள்ளே பார்க்கட்டும். உயிரை வாங்காதீங்க என்று பேசிய அந்த ஏஜென்ட் எழுத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும்.

ஒரு வாரம் பார்ப்பேன். அதற்குள் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கோவை மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போடுவேன். மருத்துவக் கருவிக் குறைபாடுகளைப் பதிவு செய்யும் மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டத்துக்கும் எழுதுவேன். அதுவரை போக விடமாட்டீர்கள் என்றே நம்புகிறேன்.

பில், வாரண்டி கார்டு நகல்களும், பழைய கப்பையும் புதுக் கப்பையும் திறந்து பக்கத்தில் வைத்து எடுத்த படமும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர், சோமனூர்