கோழி கிண்டுன எழுத்து

மாப்ள, எப்படி இருக்க? சுகர் கொறஞ்சிருக்கா? போன வாரம் ஒம் பேத்தி நோட்ட போட்டோ எடுத்து அனுப்பி இது தமிழா சைனீஸாடான்னு கேட்டேல, ரெண்டு வரியில பதில் போட மனசு வரல, அதான் ஒக்காந்து நீளமா தட்டுறேன்.

இங்க மீன்பிடி தடைக்காலம். ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு எல்லாம் கரையிலதான், பாம்பன்ல எங்க பாத்தாலும் பெயிண்ட் வாடை. பேரன் லீவுக்கு வந்திருக்கான், மூணாப்பு முடிச்சவன். அவன் நோட்டும் கோழி கிண்டுன மாதிரிதான். ஸ்கூல்ல மிஸ் ஒரே பாடத்த பத்து தடவ எழுதிட்டு வரச் சொல்லிருக்காங்க, பயபுள்ள பத்து தடவையும் அதே கோணல்ல எழுதிருக்கான். பத்தாவது இன்னும் மோசம், கை வலிக்கும்ல.

நான் நோட்ட விட்டுட்டு அவன் எழுதுறப்ப கையப் பாத்தேன். நாலு வெரலும் வெளுத்துப் போற அளவுக்கு பென்சில அமுக்கிப் புடிச்சிருக்கான். ட-வ வலதுபக்கம் கீழ ஆரம்பிச்சு எடப்பக்கம் போயி மேல ஏத்துறான்! முடிஞ்ச பிறகு பாத்தா ட மாதிரிதான் தெரியும், ஆனா அடுத்த எழுத்துக்கு கை மறுபடி சுத்தி வரணும், கொஞ்சம் வேகமா எழுதுனா அவ்வளவுதான், எல்லாம் செதறிரும். மூணு சுழி ண-வுக்கு ஒரு எடத்துல நாலு சுழி போட்டு வச்சிருக்கான். நமக்கு ஒண்ணாப்புல சார் வெரலப் புடிச்சு மணல்ல எழுத வச்சாருல்ல, இவனுக்கு யாரும் வெரலப் புடிச்சதே இல்ல போல.

கரையில படகுக்கு பேர் எழுதுற பெயிண்டர்தான் வேலைய எளிசாக்குனாரு. நூல்ல சாக்பீஸ் தேச்சு ஒரு முனைய இவன்ட்ட குடுத்து இழுத்துப் புடிடான்னு சொல்லிட்டு நடுவுல ஒரு சுண்டு சுண்டுனாரு பாரு, பலகையில வெள்ளக்கோடு பளிச்னு விழுந்துச்சு. மேல ஒண்ணு கீழ ஒண்ணு. "ரெண்டுக்கும் நடுவுல ஒக்காரணும், வால் மட்டும் கீழ எறங்கலாம்"னு சொல்லிக்கிட்டே 'துணை'ன்னு எழுதுனாரு. நாங்க சின்னப்புள்ளையில ணை-க்கு முன்னாடி கொம்பு போடாம, ண-வோட சேத்து யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு போட்டு எழுதுனோம், 1978-ல எம்ஜிஆர் ஆட்சியில மாத்திட்டாங்கன்னு நான் எழுதிக் காமிச்சேன். பேரன் அத விட மாட்டேங்குறான், இப்ப யானைக்கும் தும்பிக்கை வேணுமாம். (கையெழுத்து நல்லா இருந்தா தலையெழுத்து நல்லா இருக்காதுன்னு பெயிண்டர் சொல்லி சிரிச்சாரு, அது வேற கதை.)

ஒடஞ்ச சாக்பீஸ் துண்டு ஒண்ணு குடுத்தாரு, நகம் சைஸ்தான் இருக்கும். அத நாலு வெரலால அமுக்க முடியாதுல்ல, தானா மூணு வெரலுக்கு வந்துருச்சு. வீட்டுக்கு வந்ததும் புது பென்சில ரெண்டா ஒடச்சேன், ஒந் தங்கச்சிக்கிட்ட திட்டும் வாங்குனேன். டெய்லி ரெட்டைக்கோடு நோட்டுல அஞ்சே வரி, அதுக்கு மேல அவனே கேட்டாலும் கெடையாது. ட சரியாயிருச்சு. ண இன்னும் மக்கர் பண்ணுது.

ஒம் பேத்தி நோட்டு போட்டோ இனி வேணாம்டா, அவ எழுதுறப்ப கை மட்டும் தெரியிற மாதிரி வீடியோ எடுத்து அனுப்பு. 14-ந்தேதி தாண்டி வந்தீங்கன்னா எறா கெடைக்கும், அவளையும் கூட்டிட்டு வா.