நர்கிஸை இயற்கையின் தலையில் கட்டாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் நாகரிகங்கள் அழிந்த கதையைப் பற்றிய கட்டுரையை முழுவதும் படித்தேன். பண்டைய இராக்கில் சுமேரியர் நிலத்தில் உப்பு ஏறியது, வறட்சியும் வெள்ளமும் மாறி மாறி வந்து கம்போடியாவில் அங்கோரின் வாய்க்கால்கள் உடைந்தது எல்லாம் சரியாகவே சொல்லப்பட்டிருந்தன. கடைசிப் பக்கத்துக்கு வந்தால் பர்மாவின் நம் ஐராவதி டெல்டாவுக்கு ஒரே ஒரு வரி: 2008இல் நர்கிஸ் புயலாக வந்த இயற்கையின் சீற்றம் அதை அழித்ததாம். சுமேரியாவில் மனிதன் செய்த தவறு தெரிகிறது, டெல்டாவில் இருக்கும் எங்கள் போகலேயில் மட்டும் இயற்கையின் சீற்றமா?

நான் போகலே பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவன். மே 2ஆம் தேதி இரவு கடல் எங்கள் வீட்டுக்குள் வந்தது. என் பெரியம்மா குடும்பத்தில் ஒருவரும் மிஞ்சவில்லை. ஆற்றோரம் கொஞ்சம் அலையாத்திக் காடு மிச்சமிருந்த பக்கத்துக் கிராமத்தில் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பலர் பிழைத்தார்கள். எங்கள் கரையில் பிடித்துக்கொள்ள மரமே இல்லை. அந்த மழைக்காலத்தில் நட்ட நாற்று பாதி மஞ்சளித்துப் போயிற்று, குடிதண்ணீர்க் குளம் உப்புக் கரித்தது. சுமேரியாவில் கி.மு. 2400 வாக்கில் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 2,500 லிட்டர் விளைந்த வாற்கோதுமை, கி.மு. 1700க்குள் 900 லிட்டருக்கு இறங்கிவிட்டது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அதைப் படிக்கும்போது எனக்கு எங்கள் வயல்தான் நினைவுக்கு வந்தது.

அந்த மரங்கள் எங்கே போயின என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. 1852இல் ஆங்கிலேயர் கீழ்ப்பர்மாவைப் பிடித்தபோது டெல்டாவின் பெரும்பகுதி கனாசோ என்னும் அலையாத்தி மரக் காடும் புல்வெளியும்தான். நெல் நிலம் பத்து லட்சம் ஏக்கர்கூட இல்லை. 1930களில் அது எண்பது லட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது. காட்டை வெட்டிய விவசாயிக்குக் கடன் கொடுத்தது செட்டியார் வட்டிக்கடை. அறுவடைக்குக் கப்பலேறி வந்தது மேஸ்திரி என்ற கூலியாள் தரகர் கூட்டிவந்த நம் ஆட்கள். வெட்டப் புதுக் காடு இருந்தவரை கடனில் நிலத்தை இழந்தவன் இன்னும் தெற்கே போய் மறுபடி வெட்டினான். காடு தீர்ந்தது, அடுத்து நெல் விலையும் விழுந்தது. 1930இல் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்களிடம் இருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு, 1937இல் 25 பங்கு. அவர்கள் ஆசைப்பட்டுச் சேர்த்ததல்ல, கடனுக்கு ஈடாக வந்தது. ஆனாலும் நிலத்தை இழந்தவன் யாரைப் பார்த்துக் கோபப்படுவான்? 1930இல் பர்மிய விவசாயிகள் எழுந்த சயா சான் கலகம், ஜப்பானியர் படையெடுத்த 1942இல் நம்மவர்கள் நடந்தே இந்தியாவுக்குப் போனது, 1964இல் கப்பலேற்றி அனுப்பப்பட்டது என்று நாம் தனித்தனியாக அழுகிறோம். எல்லாவற்றுக்கும் அடியில் வெட்டப்பட்ட அந்தக் காடும் கிடக்கிறது. ஒரு சமூகம் சரிந்த கதைக்கு மாயா நாடு வரை போயிருக்க வேண்டாம்.

மிச்சக் காட்டை ரங்கூன் அடுப்புகளுக்கு விறகாகவும் கரியாகவும், பிறகு இறால் பண்ணைக்காகவும் அழித்தார்கள். நர்கிஸில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்த்து ஏறத்தாழ 1,38,000 பேர். இத்தனைக்கும் பிறகு இயற்கையின் சீற்றம் என்று எழுத எப்படி மனம் வருகிறது?

தங்கள் இதழில் இது எனக்குப் புதிய வருத்தமும் அல்ல. தீபாவளி மலரில் செட்டியார்கள் கட்டிய கோவில்களைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் போட்டீர்கள், அந்தப் பணம் எந்த மண்ணிலிருந்து வந்தது என்று ஒரு வரி இல்லை. 2016 நிலநடுக்கத்தின்போது பர்மாவின் பழைய தலைநகரான பகானைப் பற்றி எழுதினீர்கள். அங்கே நானாதேசி விண்ணகரம் என்ற வணிகர்களின் விஷ்ணு கோவிலுக்கு மண்டபம் எடுத்ததைச் சொல்லும் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருப்பதை எழுதவில்லை. அப்போதும் கடிதம் போட்டேன், பிரசுரமாகவில்லை. நம் பெருமையையும் சொல்ல மாட்டோம், நம் பங்கையும் சொல்ல மாட்டோம் என்றால் நம் பிள்ளைகளுக்கு இந்த மண்ணைப் பற்றி யார் சொல்வது?

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில் அந்த ஒரு வரிக்குத் திருத்தம் போடுங்கள். அப்புறம், டெல்டா ஊர்களில் இன்னும் உயிரோடு இருக்கும் நம் பெரியவர்கள் தங்கள் ஊரில் எந்த ஆற்றங்கரை வரை காடு இருந்தது என்று எழுதி அனுப்ப அரைப் பக்கம் ஒதுக்குங்கள். இடப் பற்றாக்குறையால் என் கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால் பகானை வெட்டிக்கொள்ளுங்கள், கனாசோ காட்டைப் பற்றிய பத்தியில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ரங்கூன்