மேலே கருகுது, நடுவில மா: ஓவன் வாங்கிய உங்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

"அந்தக் கடை ஓவன்ல கேக் போட்டா மேல கருகும், நடுவில பச்சை மா" என்று ஒரு குரல்பதிவு இரண்டு கிழமையாகக் கல்லடியிலிருந்து கல்முனை வரைக்கும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. உங்களுக்கும் வந்திருக்கும். பேசாமல் இருந்தால் உண்மை என்றாகிவிடும் என்பதால் எழுதுகிறோம்.

திருப்பிக் கொண்டுவந்த ஓவன்களை வெப்பமானி வைத்துப் பார்த்தாயிற்று. பழுது ஓவனில் இல்லை. எங்களுடைய பிழை ஒன்று உண்டு: பெட்டிக்குள் இருக்கிற ஆங்கிலக் கைநூலோடு தமிழில் ஒரு தாள் வைக்காமல் விட்டோம். அதற்கு மன்னியுங்கள்.

கருகுவதற்கு முதல் காரணம் ஓவனோடு வருகிற அந்தக் கறுப்பு ட்ரே. கேக் டின்னை அதற்கு மேல் வைக்கிறீர்கள். கீழ்க் கம்பியின் சூட்டை ட்ரே மறைக்கிறது. ஓவனுக்குள் சூட்டைச் சுழற்றுகிற ஃபேனின் காற்றுக்கும் டின்னுக்குக் கீழால் போக வழியில்லை. மேல் சூடு மட்டும் இறங்கினால் மேல் கருகாமல் என்ன செய்யும்? டின்னைக் கம்பி வலையில் வையுங்கள், நடுப்படிக்கு ஒரு படி கீழே, நாலு பக்கமும் இரண்டு விரல் இடைவெளி விட்டு. துப்புரவுக்கென்று வலைக்கு மேல் ஃபொயில் விரித்தாலும் இதே கதைதான்.

அடுத்தது சூடு. கேக் செய்முறைக் குறிப்பில் 180 டிகிரி என்று மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் ஃபேன் இல்லாத ஓவனுக்கு எழுதியது. ஃபேன் போட்டால் 20 குறைத்து 160 வையுங்கள். ஓடுகிற காற்று சூட்டை வேகமாக ஏற்றும். குறைக்காவிட்டால் மேல்தோல் முதலில் இறுகி, பிறகு பொங்குகிற மா அதை வெடித்துக்கொண்டு வெளியே வரும். பட்டர் கேக் நடுவில் மலைபோல் எழும்பி வெடிப்பதற்குப் பேக்கிங் பவுடரை மட்டும் குறை சொல்ல வேண்டாம். ரவை போட்டுச் செய்கிற லவ் கேக்குக்கு 150 என்றிருந்தால் 130. சொன்ன நேரத்தில் முக்கால்வாசி போனதும் ஈர்க்குக் குத்திப் பாருங்கள், அதற்கு முன் கதவைத் திறக்காதீர்கள். லவ் கேக்குக்கு ஈர்க்கு முழுதாகக் காய வேண்டியதில்லை. காயவிட்டால் ரவை வறண்டுபோகும்.

ஓவன் சூடேறும்போது எரிகிற சிவப்பு லைட் அணைந்த உடனே மாவை வைக்காதீர்கள். அப்போது காற்றுத்தான் சூடேறியிருக்கும், சுவர் ஏறியிராது. இன்னும் 10 நிமிடம் பொறுங்கள். கப் கேக் ஒரு பக்கம் சாய்ந்தால் காற்று தள்ளியிருக்கிறது. அதற்கும் கரமல் புடிங்குக்கும் ஃபேனை நிறுத்திவிடுங்கள். கோழிக்கும் பணிசுக்கும் ஃபேன் போட்டால் நல்லது.

மின்சாரத்தையும் சொல்ல வேண்டும். 2000 வாட் ஓவன் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 அம்பியர் இழுக்கும். பழைய வீடுகளின் 5 அம்பியர் பிளக்கிலோ மல்டி பிளக்கிலோ குத்தினால் வயர் உருகலாம். உங்கள் பக்கம் இரவில் வோல்டேஜ் 200க்கு இறங்கினால் அதே ஓவன் 1500 வாட் அளவுதான் தரும். சூடேற நேரம் எடுக்கும். இதுவும் எங்கள் கணக்கில்தான் எழுதப்படுகிறது.

குரல்பதிவு வந்த பிறகும் பிறந்தநாள் கேக் ஓடருக்கென்று எங்களிடமே இரண்டாவது ஓவன் எடுத்த அக்காமாருக்கும் ராத்தாமாருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. மாவும் சீனியும் பட்டரும் விலையேறி நிற்கிற காலத்தில் ஒரு கேக் கருகினால் எவ்வளவு நட்டம் என்று எங்களுக்குத் தெரியும். வீடு வந்து ஓவன் பார்க்கிற தம்பி கட்டாருக்குப் போய்விட்டதால் அடுத்த மாதம் முதல் வீட்டு வருகைக்கு 1,500 ரூபாய் சேரும். கடைக்குக் கொண்டுவந்தால் பார்ப்பது வழமைபோல் இலவசம்.

தமிழ்த் தாள் இப்போது கவுண்டரில் இருக்கிறது. முன்பு வாங்கியவர்களும் எடுத்துக்கொள்ளலாம், பில் தேவையில்லை. வரும்போது நீங்கள் பாவிக்கிற கேக் டின்னையும் கொண்டுவாருங்கள். உங்கள் ஓவனுக்கு அளவு சரியா என்று பார்த்துச் சொல்கிறோம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளரும் ஊழியர்களும்,
மட்டக்களப்பு