அறுபது மீட்டர் மைதானத்துக்கு ஒரு லென்ஸ்

அன்புள்ள நண்பா,

இங்கு அனைவரும் நலம். அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, பழையபடி விடியற்காலையிலேயே நாளிதழை என்னிடமிருந்து பறித்துக்கொள்கிறார். பொங்கலுக்குப் பின் உனக்கு ஒரு வரிகூட எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள். இப்போது எழுதாமல் இருக்க முடியாத செய்தி ஒன்று வந்திருக்கிறது.

சின்னவள் சவாரி செய்யும் செங்குதிரைக்கு இந்த ஆண்டு 19 வயது. முன்னங்கால் தசைநார் தளர்ந்துவிட்டது, மார்கழிப் போட்டியோடு தடை தாண்டுவதை நிறுத்திவிடுங்கள் என்று கால்நடை மருத்துவர் சொல்லிவிட்டார். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. மூன்று ஆண்டுகளாக அந்தக் குதிரையோடு வளர்ந்தவள் அவள். அவர்கள் இருவரும் தடைக் கம்பத்துக்கு மேலே காற்றில் நிற்கும் தெளிவான படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இன்னும் ஆறு மாதம்தான் இருக்கிறது. அன்று முதல் என் சிந்தனை முழுவதும் லென்ஸ்தான்.

100-400 மி.மீ. லென்ஸ் வாங்கு, வேறு எதையும் பார்க்காதே என்று நீ சொன்னதை மறக்கவில்லை. வெள்ளோட்டு ஏரிக்கரையில் கூழைக்கடாவுக்காக அரை நாள் அசையாமல் உட்காரும் உனக்கு அது சரி. பறவை உன்னை நெருங்கி வருவதில்லை, குதிரை வருகிறது. பயிற்சி மைதானம் 20 மீட்டர் அகலம், 60 மீட்டர் நீளம். நான் குறுக்குப் பக்க வேலியோரம் நிற்கிறேன். மறுகோடியில் திரும்பும் குதிரை அறுபது மீட்டர் தொலைவில் இருக்கிறது. சில நொடிகளுக்குள் எட்டு மீட்டர் தொலைவில் உள்ள கம்பத்தை என் கண்ணெதிரே தாண்டுகிறது. இந்த இரு தொலைவுகளையும் ஒரே லென்ஸ் சமாளிக்க வேண்டும்.

காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் கேமராவின் சென்சார் உன்னுடையதைவிடச் சிறியது, அகலம் 23.5 மி.மீ. மட்டுமே. நான் நினைத்திருக்கும் 70-200 மி.மீ. லென்ஸை 200 மி.மீ.இல் வைத்தால் அறுபது மீட்டர் தொலைவில் ஏழு மீட்டர் அகலம் படத்துக்குள் வரும்; குதிரை அதில் மூன்றில் ஒரு பங்கை நிரப்பும், பிறகு வெட்டிப் பெரிதாக்கிக்கொள்ளலாம். 400 மி.மீ. அந்த அகலத்தைப் பாதியாக்கும் என்பது உண்மைதான். ஆனால் எட்டு மீட்டரில் 100 மி.மீ. தருவது இரண்டு மீட்டருக்கும் குறைவான அகலம். காது இருந்தால் வால் இருக்காது. 70 மி.மீ. என்றால் 2.7 மீட்டர், குதிரை முழுதாக அடங்கும். தொலைவில் சிறிதாக விழுந்த குதிரையைப் பெரிதாக்கலாம், அருகில் வெட்டுப்பட்ட குதிரையை ஒட்ட முடியாது.

அதைவிடப் பெரிய சிக்கல் வெளிச்சம். பள்ளி விட்டு வந்து அவள் சேணம் பூட்டுவதற்குள் மணி ஐந்தரை ஆகிவிடுகிறது. தூங்குமூஞ்சி மரங்களின் நிழல் மைதானத்தில் பாதியை மூடிவிடுகிறது. மார்கழியில் ஆறு மணிவாக்கில் சூரியன் மறைந்துவிடும். பாயும் குளம்பை உறைய வைக்க 1/1000 நொடிக்குக் குறையாத ஷட்டர் வேகம் வேண்டும், ஏனெனில் உடல் நகரும் வேகத்தைவிடக் கால்களை முன்னே வீசும் வேகம் அதிகம். அந்த மாலையில் எஃப்/2.8 அளவுக்கு அகலத் திறக்கும் லென்ஸ் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 6400-இல் எடுக்கும் படத்துக்கு, 100-400 போன்ற எஃப்/5.6 லென்ஸ் 25600 கேட்கிறது. என் கேமராவில் 25600 வைத்தால் செந்நிற ரோமத்தின் மினுமினுப்பெல்லாம் மணலை அள்ளித் தூவியதுபோல் ஆகிவிடுகிறது. கடைக்காரர்கள் நடுக்கம் தடுக்கும் வசதியைப் பெரிதாகச் சொல்கிறார்கள். அது என் கை நடுங்குவதைத் தடுக்குமே தவிர, குதிரை ஓடுவதைத் தடுக்காது. குதிரையோடு கேமராவைத் திருப்பிக்கொண்டே 1/80 நொடியில் எடுத்து, பின்னணியைக் கோடுகளாக ஓடவிடும் படங்களுக்கு மட்டும் அதன் இரண்டாவது நிலை (மேல்-கீழ் நடுக்கத்தை மட்டும் தடுப்பது) உண்மையாகவே உதவுகிறது.

இரண்டு லென்ஸையும் இரண்டு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டேன். 70-200 எஃப்/2.8 ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ, இரண்டாம் நாள் தோள் வலித்தது. ஆனால் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் கரைந்து, குதிரையின் கண் மட்டும் கூர்மையாக நின்றதைப் பார்த்தபோது என் மனம் முடிவெடுத்துவிட்டது. இன்னொன்றும் கண்டேன். சென்ற ஆண்டு 50 மி.மீ. லென்ஸோடு மிக நெருங்கி எடுத்த படங்களில் தலை பெருத்து, பின்பாகம் சிறுத்து, அந்த அழகான உடற்கட்டே கெட்டிருந்தது. தள்ளி நின்று 135க்கு மேல் எடுக்கும்போதுதான் குதிரை குதிரையாக இருக்கிறது. ஃபோகஸ் எல்லையைக் குறுக்கும் பொத்தானும் எனக்குப் பெரிய உதவி. அது இல்லாவிட்டால் முன்னால் இருக்கும் வேலிக் கம்பியில் ஃபோகஸ் போய் மாட்டிக்கொள்கிறது.

புதியது என் கைக்கு எட்டாது. பயன்படுத்தியதை வாங்கலாம் என்று ஒரு கடைக்குப் போனேன். சுத்தமானது என்று சத்தியம் செய்தார்கள். கைப்பேசி விளக்கை உள்ளே அடித்துப் பார்த்தால் பின்பக்கக் கண்ணாடியில் சிலந்தி வலைபோலப் பூஞ்சை. கேட்டால், அது படத்தில் தெரியாது என்கிறார்கள். மாதச் சம்பளக்காரனிடம் இப்படிப் பேச எப்படி மனம் வருகிறது? கோபம் இன்னும் அடங்கவில்லை.

உன் வீட்டுக் கூடத்தில் தொங்கும் குதிரை ஓவியத்தைப் பற்றி நாம் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? முன்கால்கள் முன்னேயும் பின்கால்கள் பின்னேயும் நீட்டிப் பறக்கும் அந்தக் குதிரை உண்மையில் இல்லை என்பதைப் புகைப்படக் கலைஞர் மைபிரிட்ஜ் 1878-இல் பாலோ ஆல்டோவில் எடுத்த படங்களே காட்டிவிட்டன. பாய்ச்சலில் நான்கு குளம்புகளும் தரையைவிட்டு எழும்போது கால்கள் வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கின்றன. ஆனால் கம்பத்தைத் தாண்டும் கணம் வேறு. உச்சிக்குச் சற்று முன், முழங்கால்கள் மடங்கி, காதுகள் முன்னோக்கி நிற்கும் அந்த ஒரு நொடித் துண்டில் சின்னவள் கடிவாளத்தைத் தளர்த்திவிடுகிறாள். குதிரை கழுத்தை நீட்டிக்கொள்கிறது. எனக்கு வேண்டிய படம் அதுதான்.

உன் மைத்துனர் தம் 70-200-ஐ விற்கப்போவதாக நீ தையில் சொன்னாய். விற்றுவிட்டாரா? இல்லையென்றால் எனக்காக நிறுத்திவைக்கச் சொல். ஆடியில் அந்தியூர்க் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்கு வருகிறேன். அப்போது விளக்கடித்துப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கையில் கொடுத்துவிடுகிறேன். பறைக்கு ஆடும் குதிரைகளை அங்கே முதலில் எடுத்துப் பழகிக்கொள்வேன். கேமராவைத் தாங்கும் உன் ஒற்றைக்கால் மோனோபாட்டையும் மறக்காமல் எடுத்து வை. இந்த வாரமே பதில் எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்