நாட்டுப்புற இசை, புளூகிராஸ் விழாக் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பிள்ளைகளையும் பெற்றோரையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், நம்மோடு சேர்ந்து வாசிக்கும் அக்கம்பக்கத்து நண்பர்களுக்கும் வணக்கம். தமிழ் தெரியாத நண்பர்களுக்காக இதன் சுருக்கத்தைத் துணைச் செயலாளர் பிறகு ஆங்கிலத்தில் சொல்வார்.

போன பொதுக்குழுவில் ஒரு கவலையோடுதான் கலைந்தோம். பேன்ஜோ, பிடில், மாண்டலின் போன்ற கம்பி வாத்தியங்களோடு பாடும் அமெரிக்க நாட்டுப்புற இசைதான் புளூகிராஸ். அதற்கான சர்வதேச புளூகிராஸ் இசைச் சங்கத்தின் பெருவிழா 2013 முதல் 2024 வரை வட கரோலினாவில் நம் ராலே நகரில் இருந்தது. செப்டம்பர் கடைசியில் நகர மையத்துத் தெருவை அடைத்து மேடை போட்டு, காசு வாங்காமல் பாடினார்கள். நம்மில் பலர் பேன்ஜோவை முதன்முதலாக நேரில் கேட்டது அந்தத் தெருவில்தான். 2025 முதல் அந்த விழா டென்னசி மாநிலத்துச் சாட்டனூகாவுக்குப் போய்விட்டது. பெரிய விழாவே போன பிறகு கேரி, மோரிஸ்வில் பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் நம் சின்ன விழாவுக்கு யார் வருவார்கள் என்று கேட்டீர்கள்.

வந்தார்கள். எனக்கு இதில் வியப்பில்லை. இடம் மாறியது ஒரு மாநாடு. வாசிக்கிறவர்கள் இங்கேதான் குடியிருக்கிறார்கள். அக்டோபர் தொடக்கத்தில் நகராட்சியும், 1984 முதல் இந்தப் பகுதியில் மரபிசைக்காக உழைத்துவரும் பைன்கோன் அமைப்பும் சேர்ந்து அதே நகர மையத்தில் இலவச விழா நடத்தியதை நீங்களும் பார்த்தீர்கள்.

புதிய உறுப்பினர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன். கென்டக்கியின் ரோசின் ஊரில் 1911இல் பிறந்த பில் மன்ரோ தன் மாண்டலினோடு ஒரு குழு அமைத்தார். புளூ கிராஸ் பாய்ஸ் என்ற அந்தக் குழுவின் பெயரே பின்னால் இந்த இசைக்கும் ஆனது. ஆனால் இன்று நாம் கேட்கும் நாதம் முழுதாகச் சேர்ந்தது 1945 டிசம்பரில், ஏர்ல் ஸ்க்ரக்ஸ் என்ற இளைஞர் மூன்று விரலால் பேன்ஜோ வாசித்துக்கொண்டு அதில் நுழைந்தபோதுதான். அவர் நம் வட கரோலினாக்காரர், கிளீவ்லேண்ட் கவுண்டியில் பிறந்தவர். போர்க்காலத்தில் ஷெல்பி ஊரில் நூற்பாலையில் வேலை பார்த்தவர். நம்மில் உள்ள கோவை, திருப்பூர்க் குடும்பங்களுக்கு அந்த வாழ்க்கையை விளக்க வேண்டியதில்லை. ஷெல்பியின் பழைய நீதிமன்றக் கட்டடத்தில் 2014 முதல் அவர் பெயரில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. இலையுதிர் காலத்தில் உறுப்பினர்கள் சிலர் சேர்ந்து போய்வந்தோம். போகாதவர்கள் பிள்ளைகளோடு ஒருமுறை போய்வாருங்கள்.

விழாவுக்கு வருகிறேன். ஏப்ரல் கடைசி வாரம் வில்க்ஸ்பரோவில் மெர்ல்ஃபெஸ்ட் நடப்பதால் இந்த ஆண்டும் நாம் மே மாதத்தையே எடுத்துக்கொண்டோம். மெர்ல்ஃபெஸ்ட் நமக்கு நல்ல முன்மாதிரி என்று நான் நினைக்கிறேன். கைக்குழந்தையாக இருந்தபோதே பார்வை இழந்து, பிடிலுக்கான மெட்டுகளைக் கிட்டாரில் ஓடவிட்டு உலகைத் திரும்பிப் பார்க்கவைத்த டாக் வாட்சன், 1985இல் டிராக்டர் விபத்தில் இறந்த மகன் மெர்லின் நினைவாக 1988இல் தொடங்கிய விழா அது. நடத்துவது ஒரு சமுதாயக் கல்லூரி, வருமானமும் அந்தக் கல்லூரிக்குத்தான். பெரிய விழாவாக வளர்ந்த பிறகும் அது அந்த ஊரை விட்டு நகரவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. மே மாதத்துக்குள் பைன் மரங்களின் மஞ்சள் மகரந்தம் ஓய்ந்துவிடும். பாடுகிறவர் தும்மாமல் பாடலாம்.

கூட்டம் சேர்க்கப் புகழ்பெற்ற குழு ஒன்றை அழைத்து டிக்கெட் போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. செயற்குழு நீண்ட நேரம் பேசி, வேண்டாம் என்று முடிவு செய்தது. டிக்கெட் போட்டால் வருகிறவர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போய்விடுவார். நம் விழாவில் கேட்க வந்தவர் கையிலும் மதியத்துக்குள் ஒரு ஜால்ராவாவது இருக்க வேண்டும் என்பதுதான் தொடக்கத்திலிருந்தே எண்ணம்.

காலையில் பறையோடு தொடங்கினோம். பூங்காவில் நெருப்பு மூட்ட அனுமதி இல்லை என்பதால் தோல் பறையைக் காய்ச்ச வழியில்லை. இந்த ஊர் ஈரக்காற்றில் காய்ச்சாத தோல் தொளதொளத்துப் போகும். ஆகவே பிளாஸ்டிக் முகப்புப் பறைகளையே பயன்படுத்தினோம். பழைய பழக்கத்தில் ஊறிய சிலருக்கு இதில் மனக்குறை இருந்தது, அது நியாயமும்கூட. பார்க்க வந்த பேன்ஜோக்காரர் ஒருவர் தன் வாத்தியத்தைத் தட்டிக் காட்டினார். அதுவும் ஒரு காலத்தில் தோல் போர்த்தியதுதான், 1950களின் பிற்பகுதிக்குப் பிறகு பிளாஸ்டிக்குக்கு மாறியிருக்கிறது. மழை நாளில் பேன்ஜோவைச் சுருதி சேர்க்க இவர்கள் தாத்தாக்கள் பட்ட பாடும் நம் பாடுதான்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த முறை ஒவ்வொரு வாத்தியத்தையும் அறிமுகம் செய்தபோது, அது யாருடைய கையிலிருந்து வந்தது என்பதையும் ஒலிபெருக்கியில் சொன்னோம். பறையை வாசித்தவர்கள் அதை வாசித்ததற்காகவே ஒதுக்கப்பட்டார்கள், சாவு வீட்டில் அடிக்க வேண்டியது கட்டாயக் கடமையாக அவர்கள் தலையில் சுமத்தப்பட்டது. இன்று கடல் தாண்டி வந்த நாம் அதைத் தமிழரின் அடையாளம் என்று பெருமையோடு தோளில் மாட்டுகிறோம். மாட்டலாம். ஆனால் அவர்களைச் சொல்லாமல் மாட்டக்கூடாது. பேன்ஜோவின் கதையும் இதற்கு வெகுதூரத்தில் இல்லை. சுரைக்குடுக்கையில் தோல் கட்டி வாசித்த மரபை இந்தக் கண்டத்துக்குக் கொண்டுவந்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாக இழுத்துவரப்பட்டவர்கள். பின்னால் வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசி அவர்களைக் கேலி செய்ய அதே வாத்தியத்தை மேடையேற்றினார்கள். அப்புறம் அது மலைவாழ் வெள்ளையரின் வாத்தியம் என்றே ஊர் நம்பத் தொடங்கியது.

இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய மெபேன் ஊர்ப்பக்கம் 2012 வரை வாழ்ந்தவர் ஜோ தாம்சன். கறுப்பினக் கம்பி வாத்தியக் குழு மரபைத் தன் பிடிலில் காத்துவைத்திருந்தவர். கிரீன்ஸ்பரோவில் பிறந்த ரியானன் கிடன்ஸும் நண்பர்களும் அவர் வீட்டுக்கே போய், எதிரில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுக் கற்றார்கள். அவர்கள் அமைத்த கரோலினா சாக்லேட் டிராப்ஸ் பிறகு கிராமி விருதும் வாங்கியது. இதை மேடையில் சொன்னபோது, பக்கத்திலேயே இருந்தும் இது தெரியாமல் போயிற்றே என்று இந்த ஊர்க்காரர்களே சிலர் வந்து வருந்தினார்கள். அடுத்த ஆண்டும் இந்த அறிமுகங்கள் தொடர வேண்டும், நேரமில்லை என்று சுருக்கக்கூடாது என்பது என் வேண்டுகோள்.

விழாவின் உயிர் வட்டத்தில்தான் இருந்தது. மரத்தடியில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்று எழுதி வைத்தோம். வழக்கம் எளிமையானது. முறை வந்தவர் பாட்டையும் சுருதியையும் சொல்லித் தொடங்குவார். பாட்டுக்கு நடுவே யாரைப் பார்த்துத் தலையசைக்கிறாரோ அவர் ஒரு சுற்றுத் தனியாக வாசிப்பார். விருப்பமில்லை என்றால் தலையை ஆட்டி அடுத்தவருக்கு விட்டுவிடலாம், யாரும் தப்பாக நினைப்பதில்லை. ஒருவர் பாடும்போது மற்றவர்கள் கையைத் தணித்துக்கொள்ள வேண்டும். காலைத் தூக்கினால் பாட்டு முடிகிறது என்று அர்த்தம். மேளம் கிடையாது, மாண்டலின்தான் மறுதட்டில் வெட்டி வெட்டித் தாளம் காக்கும். பறையை நாம் வட்டத்துக்குள் கொண்டுவராததற்கும் இதுவே காரணம். பறைக்குத் திறந்த வெளி வேண்டும், மாண்டலினுக்குப் பக்கத்துக் காது வேண்டும். இரண்டையும் ஒரே மேடையில் கலந்து புதுமை செய்யலாம் என்றவர்களுக்கு இதுதான் என் பதில்.

ஆனால் தானாகச் சேர்ந்த ஒன்றைத் தடுக்க முடியுமா? கஞ்சிரா கற்கும் நம் பையன் ஒருவன் பேன்ஜோக்காரரின் வலது கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்று அவை உருண்டு எட்டுத் தட்டில் ஒரு சுற்று முடிகின்றன. கொஞ்ச நேரத்தில் அவன், “தகிட தகிட தக” என்று முணுமுணுக்க ஆரம்பித்தான். சரியாக அதுவேதான்: மூன்று, மூன்று, இரண்டு. அவர் வாசிப்பதை நிறுத்திவிட்டு இன்னொரு முறை சொல்லச் சொன்னார். அவன் சொல்ல அவர் வாசிக்க, பிறகு அவன் கஞ்சிராவில் மெதுவாகத் தொட்டு வாசிக்க, சாப்பாட்டு நேரம் தாண்டியும் அந்த இடத்தை விட்டு இருவரும் எழவில்லை.

பிற்பகலில் நடந்ததை இன்னும் பலர் பேசுகிறீர்கள். ஊரிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த மன்னார்குடிப் பக்கத்து அம்மா ஒருவர் வட்டத்துக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “நாங்களும் நடவுல இப்படித்தான் ஒருத்தி எடுத்துக் குடுப்போம், மத்தவ வாங்கிப் பாடுவா” என்றார். உட்காரவைத்தோம். நடவுப் பாட்டு ஒன்றை எடுத்தார். அவர் தொண்டைக்கு இவர்கள் வழக்கமாக வைக்கும் சுருதி ஒத்துவரவில்லை. கிட்டார்க்காரர் சத்தமில்லாமல், கம்பிகளை அழுத்திச் சுருதியை உயர்த்தும் கேப்போ என்ற கவ்வியை ஒரு கட்டை ஏற்றி மாட்டினார். பேன்ஜோக்காரர் கழுத்து நடுவில் தொடங்கும் அந்தக் குட்டையான ஐந்தாம் கம்பியைத் தனியாக முறுக்கிச் சேர்த்தார். நம் தம்பூரா போல் அந்தக் கம்பிதான் பாட்டு முழுக்கச் சுருதியாக நின்றுகொண்டிருக்கும். இரண்டாம் அடியிலேயே பிடில் அவர் குரலைத் தொட்டுவிட்டது. நம் பெண்கள் பின்பாட்டுக்குச் சேர்ந்தார்கள். பாஷை தெரியாத அமெரிக்கப் பாட்டி ஒருவர், இது வேலை செய்துகொண்டே பாடும் பாட்டுதானே என்று என்னிடம் கேட்டார்.

இதனால்தான் ஒரு தீர்மானத்தை முன்மொழிகிறேன். ஆண்டுதோறும் ஊரிலிருந்து அம்மாக்களும் மாமியார்களும் ஆறு மாதம் வந்து தங்குகிறார்கள். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, குளிருக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். தாலாட்டு, நடவு, கும்மி, ஒப்பாரி என்று அவர்களிடம் இருப்பது எந்தப் புத்தகத்திலும் முழுதாக இல்லை. அவர்கள் சம்மதத்தோடு, பாட்டையும் அதைக் கற்றுக்கொண்ட கதையையும் சேர்த்துப் பதிவு செய்து, பிரதியை அந்தக் குடும்பத்துக்கே கொடுக்க வேண்டும். ஒப்பாரியை நல்ல நாளில் பாடச் சொல்லி யாரையும் சங்கடப்படுத்த வேண்டாம், அவர்களாகச் சொன்னால் மட்டும் போதும்.

மாலை மேடை நிகழ்ச்சிகள் திட்டப்படி தொடங்கின. இடியோடு மழை வந்ததால் பூங்கா விதிப்படி மைதானத்தைக் காலி செய்து கொட்டகைக்குள் போனோம். வில்லுப்பாட்டும் கடைசிக் குழுவும் ஒலிபெருக்கி இல்லாமல் அங்கேயே நடந்தன. மைக் இல்லாத குறையை யாரும் உணரவில்லை.

2024 செப்டம்பர் 27 அன்று ஹெலீன் புயல் நம் மாநிலத்தின் மேற்கு மலைப்பகுதியைப் புரட்டிப்போட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். ஆஷ்வில், ஸ்வானனோவா ஆற்றுப் பள்ளத்தாக்கு எல்லாம் வெள்ளத்தில் சிதைந்தன. பாஸ்கம் லமார் லன்ஸ்போர்ட் 1928இல் தொடங்கி இன்றுவரை நடந்துவரும் மலையக நடன, நாட்டுப்புற விழாவின் ஊர் ஆஷ்வில். நாம் வாசிக்கும் மெட்டுகளில் பாதி அந்த மலையிலிருந்து இறங்கி வந்தவைதான். விழாவில் வைத்த உண்டியலில் சேர்ந்த தொகை முழுவதையும் நிவாரணத்துக்கு அனுப்பிவிட்டோம், விவரம் பொருளாளர் கணக்கில் இருக்கிறது. மீட்பு வேலை அங்கே இன்னும் முடியவில்லை, வரும் விழாவிலும் உண்டியல் இருக்கும்.

ஜூலையில் வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவையின் தமிழ் விழா ராலேயிலேயே நடந்தது. நம் உறுப்பினர்கள் பலர் தொண்டாற்றினார்கள். அனைவருக்கும் நன்றி.

மாதாந்தர வட்டம் கோடையில் கொஞ்சம் தடைப்பட்டாலும் தொடர்ந்தது. இரவல் வாத்தியங்களில் மாண்டலின்களுக்குத்தான் கிராக்கி. பிடில் தெரிந்தவருக்கு அதே சுருதியமைப்பு என்பதால் விரல் உடனே படிந்துவிடுகிறது. கர்நாடக வயலின் படிக்கும் பிள்ளைகளையும் அனுப்பிவையுங்கள். பாலுசாமி தீட்சிதர் காலத்தில் வெள்ளையரின் வாத்தியத்தை நம் பாட்டுக்குப் பழக்கினோம், மாண்டலினை யு. ஸ்ரீநிவாஸ் சின்ன வயதிலேயே கச்சேரி மேடையில் உட்காரவைத்தார். நின்றுகொண்டு வாசிக்கும் பிடிலையும் நம் பிள்ளைகள் கற்றுக்கொள்ளட்டும்.

குறை என்றால், பெரிய பாஸ் என்ற ஆளுயரக் கம்பி வாத்தியத்தை வாசிக்க நம்மிடம் நிரந்தரமாக ஆளில்லை. விழாவன்று பக்கத்து ஊர் நண்பர் வந்து காப்பாற்றினார். பாஸ் இல்லாவிட்டால் வட்டம் நிலை இல்லாமல் ஓடிவிடும். கற்க விரும்பும் பெரியவர் யாராவது முன்வந்தால் வாத்தியத்துக்குச் சங்கம் வழி செய்யும்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். விழா அடுத்த மே மாதமும் இலவசமாகவே நடக்க வேண்டும், மிஞ்சும் பணம் வாத்தியங்களுக்கும் பதிவு வேலைக்கும் போக வேண்டும் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. பதிவு வேலையில் உதவ விரும்புகிறவர்கள் வாசலில் இருக்கும் தாளில் பெயர் எழுதுங்கள். இந்தக் குளிர்காலத்தில் வீட்டில் அம்மாவோ மாமியாரோ வந்திருந்தால் அதையும் எழுதுங்கள், ஜனவரியிலேயே தொடங்கலாம்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வணக்கத்துடன்,
செயலாளர்