ஜெர்மனிச் சம்பளத்தில் கைக்கு வருவது எவ்வளவு?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜெர்மனியில் மென்பொருள் வேலைக்கு ஆண்டுக்கு 60,000 யூரோ என்று எழுதுகிறீர்கள், சரி, ஆனால் கைக்கு வருவதையும் எழுதுங்கள். நான் மியூனிக்கில் இருக்கிறேன். என் மாதச் சம்பளச் சீட்டில் மேலே 5,000 யூரோ இருக்கும், அப்புறம் வருமான வரி, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, வேலையின்மைக் காப்பீடு, முதியோர் பராமரிப்புக் காப்பீடு என்று வரிசையாகக் கழிந்து கடைசி வரியில் 3,100 சொச்சம்தான் மிஞ்சும். இதில் பெரும்பங்கு வாடகைக்கே போய்விடுகிறது. வீட்டு விளம்பரத்தில் 'கால்ட்' (வெறும் வாடகை மட்டும்) என்று போட்டிருந்தால் ஹீட்டர், தண்ணீர்ச் செலவெல்லாம் தனி.

சம்பளத்தைவிட எனக்குப் பெரிய கவலை மொழிதான். 2023 நவம்பரிலிருந்து பட்டம் இல்லாத ஐடி ஊழியர்களும், கடந்த 7 ஆண்டுகளில் 3 ஆண்டு அனுபவம் இருந்தால், ப்ளூ கார்டு (திறன்மிக்க வெளிநாட்டு ஊழியர்கள் இங்கே தங்கி வேலை செய்யும் அனுமதி) வாங்கலாம், நல்ல மாற்றம். ஆனால் அதற்கு முதலில் கையில் வேலை வேண்டுமே! வேலை போன என் நண்பன் ஐந்து மாதம் அலைந்தான், நல்ல ஜாவா அனுபவம் உள்ளவன், போன இடமெல்லாம் முதல் கேள்வி "ஜெர்மன் எந்த அளவுக்குத் தெரியும்?" என்பதுதான். ஜெர்மன் மொழியில் பி1 என்ற நடுத்தர நிலை தேறியிருந்தால் ப்ளூ கார்டுகாரர்களுக்கு நிரந்தரமாகத் தங்கும் அனுமதியும் 27 மாதத்துக்குப் பதில் 21 மாதத்திலேயே கிடைக்கும். கிளம்புவதற்கு முன்பே படிக்கத் தொடங்குங்கள் என்று உங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

– ஒரு வாசகர், மியூனிக்