ஐயாவின் வகுப்பை எழுதி வைத்திருந்தவர்களுக்கு

அன்புடையீர்,

எங்கள் தமிழ்ப் பேராசிரியர் மறைந்து மூன்று மாதம் ஆகிறது. நினைவுக் கூட்டம் முடிந்த வாரமே இந்த மடலை எழுதியிருக்க வேண்டும். தள்ளிப்போனதற்குச் சோம்பல் பாதிக் காரணம். அன்றைக்குத் தொடங்கிய வேலை இன்னும் முடியாததும், நன்றி சொல்ல வேண்டியவர்கள் வாரத்துக்கு ஒருவராகக் கூடிக்கொண்டே போவதும் மீதிப் பாதி. பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பலர் சொல்லிவிட்டதால் இங்கே யார் பெயரும் இராது. படிக்கும்போது அவரவருக்குத் தெரிந்துவிடும்.

முதலில், கடைசி நாட்களில் இரவுப் பணியில் இருந்த அந்தச் செவிலியருக்கு. ஊசி போட வந்தவரை நிறுத்தி, "உன் வேலைக்குப் பேரு எங்கேர்ந்து வந்துச்சு தெரியுமாம்மா?" என்று ஐயா கேட்டிருக்கிறார். தலைவியை வளர்த்தவள் செவிலித்தாய், ஐங்குறுநூற்றில் அவள் பேச்சுக்கென்றே ஒரு பத்து இருக்கிறது, 401-லிருந்து 410 வரை, என்று மூச்சு வாங்க வாங்கப் பாடம் நடந்திருக்கிறது. நீங்கள் நாடித்துடிப்பைக் குறித்துக்கொண்டே கேட்டீர்கள். மறுநாள் இரவு, "அந்தப் பொண்ணு கட்டிக்கிட்ட வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வந்து செவிலி என்ன சொன்னா?" என்று நீங்களே கேட்டீர்களாம். அவருடைய கடைசி மாணவி நீங்கள்தான். எங்களுக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

கூட்டத்துக்கு இடம் கொடுத்தவர்கள், நாற்காலி போட்டவர்கள், இரவு முழுக்கப் பயணம் செய்து வந்துவிட்டு மேடை ஏற மாட்டேன் என்று பின்வரிசையில் உட்கார்ந்தவர்கள், எல்லோருக்கும் நன்றி. அழைப்பிதழில் 'நினைவு கூட்டம்' என்று ஒற்று இல்லாமல் அச்சானது என் பிழை. கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனாலே சிவப்புப் பேனாவால் திருத்தித் திருப்பித் தருபவர் அவர். அன்று வாசலில் நின்று ஒவ்வொரு அழைப்பிதழிலும் கையால் 'க்' எழுதிச் சேர்த்த அந்த மூன்று மாணவர்களுக்குத் தனி நன்றி.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

ஐயா ஒரு புத்தகமும் எழுதவில்லை. கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனோம். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான். குறுந்தொகைக்கு 380 பாட்டுக்குப் பேராசிரியர் என்பவர் உரை எழுதினார், மீதி 20 பாட்டுக்கு நச்சினார்க்கினியர் எழுதினார். இரண்டுமே நம் கைக்கு வந்து சேரவில்லை. "அந்தப் பேராசிரியர் உரையே காணாமப் போச்சு. இந்தப் பேராசிரியர் உரை எதுக்குய்யா?" என்று சிரிப்பார். நாங்களும் சிரித்துவிட்டு வந்துவிடுவோம். அவர் போன பிறகு அந்தச் சிரிப்பு சுருக்கென்று தைத்தது.

கூட்டம் முடியும் நேரத்தில், 1991-இல் படித்த ஒருவர் பையிலிருந்து நைந்துபோன ஒரு குறிப்பேட்டை எடுத்துக் கொடுத்தார். ஐயாவின் குறுந்தொகை வகுப்பு, முதல் நாளிலிருந்து. அடுத்த மாதத்துக்குள் இருபத்துமூன்று குறிப்பேடுகள் வந்து சேர்ந்தன. ஒன்று செல் அரித்தது. ஒன்றில் பாதிப் பக்கங்களில் குழந்தை கிறுக்கியிருந்தது. அந்தக் குழந்தை இப்போது கல்லூரியில் படிக்கிறதாம். ஒருவர் தம் குறிப்பேட்டைக் கொடுக்க மனமில்லாமல் மொத்தத்தையும் கையாலேயே படியெடுத்து அனுப்பினார். அவருக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

எல்லாவற்றையும் ஒப்பிட்டு ஒரே தொகுப்பாக அச்சிட உட்கார்ந்தபோதுதான் உ.வே.சா. எவ்வளவு பெரிய காரியம் செய்திருக்கிறார் என்று உறைத்தது. 1937-இல் அவருடைய குறுந்தொகைப் பதிப்பு வந்தது. ஏட்டுக்கு ஏடு வேறுபடும் பாடங்களோடு அவர் பட்ட பாட்டைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவர்கள் நாங்கள். எங்களிடம் இருப்பதோ தாளில், நீல மையில், நம் காலத்தவர் எழுதியது. ஒரே வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இருவரின் குறிப்புகளே ஒத்துப்போகவில்லை. விளையாட்டாக அதற்கும் பாடபேதம் என்றே பெயர் வைத்தோம்.

ஒத்துப்போன இடம் ஒன்று உண்டு. புறநானூற்றில் 266 முடிந்தால் அடுத்து 269-தான். இடையில் உள்ள இரண்டும் கிடைக்காத பாட்டுகள். அதற்குமேல் பழைய உரையும் துணைக்கு வராது. அந்த இடம் வந்தால் ஐயா புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார். குறிப்பேடுகளில் பெரும்பாலும் அங்கே வெற்றிடம். ஒருவர் மட்டும் எழுதியிருக்கிறார்: "267, 268 - ஐயா ஜன்னல் வழியாகப் பார்த்தார்." அதை அப்படியே தட்டச்சு செய்யச் சொல்லிவிட்டேன்.

அதிகம் சண்டை போட்டது குறுந்தொகை 290-க்குத்தான். பாடியவர் பெயர் தெரியாது. பாட்டில் வரும் உவமையை வைத்தே கல்பொரு சிறுநுரையார் என்கிறோம். காதலரைக் காணாவிட்டால், பெருநீரில் கல்லில் மோதும் சிறுநுரை போல மெல்ல மெல்ல இல்லாமல் போவோம் என்கிறாள் தலைவி. பெருநீர் என்பது கடலா, வெள்ளமா? 1991 குறிப்பேட்டில் கடல். 2003-இல் வெள்ளம். கடல் என்றால் அடுத்த அலையில் நுரை மறுபடி வரும், வெள்ளம் என்றால் போனது போனதுதான் என்று ஐயாவே விளக்கியதும் அந்த 2003 குறிப்பேட்டில் இருக்கிறது. இடையில் ஏன் மாற்றிக்கொண்டார்? கேட்க ஆளில்லை.

ஐயாவின் துணைவியாரிடம், எங்கள் எல்லோருக்கும் அம்மாவிடம், போனோம். அம்மாவுக்கு நன்றி என்று ஒற்றைச் சொல்லில் முடித்தால் அது பிழை. புத்தக அறைச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு ஞாயிறும் எங்களோடு தரையில் உட்கார்ந்து துண்டுச்சீட்டுகளைப் படித்துச் சொன்னவர் அவர். "இவர் கையெழுத்து எனக்கே இப்பத்தான் பிடிபட ஆரம்பிச்சுது" என்பார். குறுந்தொகையின் 290-ஆம் பாட்டுப் பக்கத்தில் ஒரு சீட்டு இருந்தது. அதில் பென்சிலில், "வெள்ளம். ஆனால் கடலாக இருந்தால் நல்லது." அம்மா அதை இரண்டு முறை வாசித்தார். பிறகு அடுத்த சீட்டை எடுத்தார்.

தொகுப்பில் இரண்டு பொருளையும் ஆண்டோடு சேர்த்துப் போடுகிறோம். சீட்டும் கீழே இருக்கும்.

தட்டச்சு செய்து தருபவர்களுக்கு, முக்கியமாக ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் அகநானூறு முழுவதையும் அடித்து முடித்த தங்கைக்கு நன்றி. ஐயாவின் புத்தகங்களை வகைபிரித்து அட்டை எழுதும் நூலகருக்கு நன்றி. பணம் அனுப்பியவர்களின் கணக்கைத் தனியே அனுப்பியிருக்கிறேன். மீதம் அச்சுச் செலவுக்கு.

கலித்தொகை வகுப்புக் குறிப்பு மட்டும் இதுவரை ஒருவரிடமிருந்தும் வரவில்லை. ஐயா அதை இரண்டு ஆண்டுகள்தான் நடத்தினார், மாலை வகுப்பில். அப்போது படித்தவர்கள் யாராவது இதைப் பார்த்தால் பரணில் ஒருமுறை தேடிப் பாருங்கள். செல் அரித்திருந்தாலும் அனுப்புங்கள்.

அன்புடன்,
ஐயாவிடம் படித்தவர்கள் சார்பில்,
ஒற்றுப்பிழைக்குப் பொறுப்பானவர்